பெர்சிஸ் அம்மாவும் மைக்குக் குழாயும்

இந்தப் பக்கமா திரும்பிப் படு. அம்மாவுக்கு அந்தத் தோளு வலிக்குது, இந்தக் கையில தலைய வை. சேலையக் கழுத்து வரைக்கும் போத்திக்கோ. கதை சொல்றேன், ஆனா நடுநடுவுல நீ "ம்" சொல்லணும். "ம்" நின்னுச்சுன்னா நீ தூங்கிட்டன்னு நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, ஒரே ஒரு அம்மா இருந்தா. அவளுக்கு ஒரு பொண்ணு.

"எந்த ஊரு?"

ஊருக்குப் பேரு கிடையாது. பெரிய ஊரு. ரயில் ரோட்டுக்கும் கருப்புத் தண்ணி ஓடுற கால்வாய்க்கும் நடுவுல ஒரு சந்து. ரெண்டு பக்கமும் தகரம் போட்ட வீடு. ரயிலு கடகடகடன்னு போனா அத்தனை வீட்டுத் தகரமும் கிடுகிடுன்னு ஆடும்.

"அந்த அம்மா பேரு என்ன?"

அவளுக்கும் பேரு கிடையாது. பொண்ணுக்கும் கிடையாது. ஏன்னு கடைசியில சொல்றேன்.

"ம்."

அந்தச் சந்துக்கு அவ ஓடித்தான் வந்தா. அவ வீடு கால்வாயோட அந்தக் கோடியில. புருஷன் லாரிக்கு மூட்டை ஏத்துறவன். வேலைக்குப் போற நாள்ல நல்லா இருப்பான், பொண்ணைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு நடப்பான். குடிச்சா மட்டும் கையில எது அகப்படுதோ அதால அடிப்பான். தோசைக்கரண்டின்னா தோசைக்கரண்டி, பெல்ட்டுன்னா பெல்ட்டு. பளார் பளார்னு பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும், யாரும் வர மாட்டாங்க. அவ அதெல்லாம் பொறுத்துக்கிட்டா. அப்புறம் ஒரு நாள் அவன் பொண்ணோட ரெண்டு காலையும் பிடிச்சுத் தலைகீழா தூக்கி, கால்வாய் மேல நீட்டி, போடட்டுமான்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான்.

"பாப்பா அழுதுச்சா?"

இல்ல. விளையாட்டுன்னு நினைச்சு அதுவும் சிரிச்சுச்சு. அப்போதான் அவ முடிவு பண்ணா. அவன் தூங்குற வரைக்கும் காத்திருந்தா, பொண்ணை இடுப்புல வெச்சுக்கிட்டு ஓடினா. செருப்பு கூடப் போடல. கால்வாய் ஓரமாவே ஓடி, மூச்சு முட்டுன எடத்துல நின்னா. அங்க ஒரு ஜெப வீடு.

"ம்."

ஜெப வீட்டுக்குப் பின்னாடி நீட்டமா ஒரு ரூமு. அதுல பெர்சிஸ் அம்மான்னு ஒருத்தங்க. கதையில இவங்க ஒருத்தருக்குத்தான் பேரு.

"இவங்களுக்கு மட்டும் ஏன்?"

அதையும் கடைசியிலதான் சொல்லுவேன். பெர்சிஸ் அம்மாவுக்குப் புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. எப்பவும் வெள்ளைச் சேலை. மூச்சிரைப்பு வேற. உஸ்... உஸ்னு சத்தம் முன்னாடி வரும், ஆளு பின்னாடி வருவாங்க. மீன் சுத்தம் பண்ணப் போறவங்க, வீட்டு வேலைக்குப் போறவங்க எல்லாரும் புள்ளைங்கள அவங்ககிட்டதான் விட்டுட்டுப் போவாங்க. பெர்சிஸ் அம்மாவோட பழைய சேலையெல்லாம் அந்த ரூம்ல வரிசையா தூளியா தொங்கும். ஒரு தூளி ஆட்டுனா பக்கத்துத் தூளியும் சேர்ந்து ஆடும்.

மத்தியானம் கஞ்சி. சபைக்கு வர்றவங்க வீடுங்கள்ல உலை வைக்கிறப்போ ஆளாளுக்கு ஒரு கைப்பிடி அரிசிய எடுத்து டப்பாவுல போட்டு வெப்பாங்க. ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து பெர்சிஸ் அம்மாகிட்ட கொட்டுவாங்க. பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒண்ணா விழும். வெந்தா பாதி குழையும், பாதி நறுக்கு நறுக்குன்னு நிக்கும். உங்க ஆண்டவர் ஒரே அரிசியா அனுப்ப மாட்டாராம்மான்னு சந்துப் பொம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க. பல்லு இருக்கிறவ வேகாததைத் தின்னு, பல்லு இல்லாததுக்குக் குழைஞ்சதை ஊட்டு, அதுக்குத்தான் ரெண்டும் அனுப்புறாருன்னு பெர்சிஸ் அம்மா கரண்டியால சட்டிய டங்குன்னு தட்டுவாங்க.

"ம்."

அப்போ அந்த அம்மா வாசல்ல வந்து நின்னா. நெத்தியில ரத்தம் காஞ்சு கெடக்கு. இவங்க வேற சாமி கும்பிடுறவங்களாச்சே, உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோன்னு அவளுக்குப் பயம். பொட்டை எடுத்துரட்டுமான்னு அவளா கேட்டா. பெர்சிஸ் அம்மா கிட்ட வந்து, தாடையைப் பிடிச்சு நிமித்திப் பார்த்தாங்க.

"பொட்டு இருக்கட்டும்டி. பக்கத்துல இருக்கே காயம், அதை மொதல்ல கழுவு."

அப்புறம் தட்டுல கஞ்சி ஊத்துனாங்க. எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதேன்னு இவ தலையக் குனிஞ்சா. நீ சாப்பிடு, ஜெபத்தை நான் பாத்துக்கிறேன்னு அவங்க சொன்னாங்க. தூரத்து ஊர்ல அவங்க ஆளுங்க நடத்துற இல்லம் ஒண்ணு இருக்காம். அம்மாவும் புள்ளையும் சேர்ந்து தங்கலாமாம். அங்க எடம் காலியாகுற வரைக்கும் இந்த ரூமுக்குள்ளயே இரு, அவன் கண்ணுல மட்டும் பட்டுடாதன்னாங்க. அம்மா கடைசித் தூளிக்குப் பின்னாடி, பாயெல்லாம் சுருட்டி வெச்சிருந்த மூலையில ஒதுங்குனா. பொண்ணு தூளிக்குக் கொஞ்சம் பெருசு. ஆனாலும் தூளிதான் வேணும்னு அடம் பிடிக்கும். படுத்தா ரெண்டு காலும் வெளிய தொங்கும்.

"என் காலு மாதிரியா?"

அப்படித்தான். ம் சொல்லு.

"ம்."

மொத தடவை அவன் தேடி வந்தான். தட் தட் தட். கதவைத் தட்டி, என் பொண்டாட்டி இங்க இருக்காளான்னு கேட்டான். பெர்சிஸ் அம்மா பொய் சொல்ல மாட்டாங்க. அது அவங்களுக்குப் பாவம். அதனால அவங்க என்ன சொன்னாங்கன்னா, உள்ள நாலு புள்ளைங்க வெளிக்குப் போயிருக்கு, கழுவி விடுறியா, சொம்பை எடுத்துத் தரட்டுமான்னாங்க. அவன் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிட்டான்.

அந்தப் பாப்பா சிரிச்சுச்சு, இப்போ நீ சிரிக்கிற மாதிரி.

ரெண்டாவது தடவை வந்தான். அன்னிக்குத் தட்டல. குளிச்சு, தலை சீவி, கையில மல்லிப்பூவும் அல்வாப் பொட்டலமும் வெச்சிருந்தான். வாசல்ல மண்டி போட்டு, எனக்காக ஜெபம் பண்ணுங்கம்மா, என் புள்ளைய ஒரே ஒரு தடவை பாக்கணும்னு அழுதான். பெர்சிஸ் அம்மா அவன் தலையில கை வெச்சாங்க. நெஜமாவே உருகி ஜெபம் பண்ணாங்க. தூளியில இருந்த பொண்ணுக்கு அவன் குரல் கேட்டுருச்சு. அப்பான்னு கூப்பிட வாயைத் திறந்துச்சு. அம்மா டப்புன்னு வாயைப் பொத்துனா. பொண்ணு அவ கைய நறுக்குனு கடிச்சுச்சு. அவ கைய எடுக்கவே இல்ல. பல்லு பதிஞ்சு, இந்தப் பெருவிரலுக்குக் கீழ...

"உனக்கும் அங்க தழும்பு இருக்கு."

ஆமா. தொட்டுப் பாரு. வலிக்கல.

அப்போ பெர்சிஸ் அம்மா ஆமென் சொல்லிட்டு, எழுந்து போப்பா, குடியை விட்டுட்டு அடுத்த வருஷம் இதே நாள் வான்னாங்க. பூவையும் அல்வாவையும் அங்கயே வெச்சுட்டுப் போனான். அல்வா என்ன பாவம் பண்ணுச்சுன்னு அவங்க அதைப் பிச்சு எல்லாப் புள்ளைங்களுக்கும் குடுத்தாங்க. அந்தப் பொண்ணும் தின்னுச்சு.

"ம்..."

தூக்கம் வருதா?

"இல்ல. மூணாவது தடவை."

மூணாவது தடவை. ஜெப வீட்டுக் கூரை மேல மைக்குக் குழாய் ஒண்ணு இருந்துச்சு. பெரிய ஊமத்தம்பூ மாதிரி வாயைத் திறந்துக்கிட்டு இருக்கும். மொதல்ல அது ரயில் ரோட்டைப் பாத்துதான் இருந்துச்சாம். சந்து முனையில ஒரு சாராயக்கடை. குடிக்கிறவன் காதுலயும் நல்ல வார்த்தை விழட்டும்னு பெர்சிஸ் அம்மாதான் ஆளை ஏத்தி, குழாயோட வாயைக் கடைப் பக்கமா திருப்பி வெச்சாங்க.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், உபவாச ஜெபம். அன்னிக்குக் காலையிலதான் சேதி வந்திருக்கு, இல்லத்துல எடம் காலி, திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்கன்னு. பெர்சிஸ் அம்மாவுக்கு மனசு பொங்குது. பாஸ்டரோட சம்சாரம் மைக்கை அவங்க கையில குடுத்து, ஜெபிங்கம்மான்னாங்க. அவங்க கண்ணை மூடிட்டாங்க. கண்ணை மூடிட்டா அவங்களுக்கு மைக்கும் தெரியாது, மனுஷங்களும் தெரியாது. அவனுக்கு முன்னாடி எல்லாத்தையும் மறைச்சாங்களே, ஆண்டவர்கிட்ட மறைக்கத் தெரியல.

"என்ன சொன்னாங்க?"

அந்த அம்மா பேரைச் சொன்னாங்க. பொண்ணு பேரைச் சொன்னாங்க. "பின்னாடி ரூம்ல, என் தூளிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன் ஆண்டவரே. திங்கக்கிழமை வரைக்கும் அவன் கையில குடுத்துராதேயும்." அழுதுகிட்டே சொன்னாங்க. கூட்டமே ஆமென்னு சொல்லுச்சு.

அம்மா ரூம்ல அரிசி பொறுக்கிக்கிட்டு இருந்தா. அவ பேரு மேலருந்து, வானத்துலருந்து வந்த மாதிரி விழுந்துச்சு. முறம் கையிலருந்து நழுவிருச்சு. பொண்ணுக்கு ஒரே சந்தோஷம். என் பேரு மைக்குல, என் பேரு மைக்குலன்னு தூளியில கை தட்டுச்சு.

சாராயக்கடையில அவன் கிளாஸைக் கீழ வெச்சான்.

"ம்."

கண்ணைத் திறந்தப்போதான் பெர்சிஸ் அம்மாவுக்குத் தன் குரலே சந்து பூராவும் சுத்திட்டுத் திரும்பி வர்றது கேட்டுச்சு. மைக்கைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. உள்ள பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க, டம் டம்னு மேளம், அவங்க ஓடுனதை யாரும் கண்டுக்கல. உஸ்... உஸ்... உஸ். ரூமுக்குள்ள வந்தப்போ மொகம் சாம்பலா இருந்துச்சு.

"என் வாயாலயே சொல்லிட்டேன்டி. போ. நிக்காத."

பின்கதவைத் திறந்து விட்டாங்க. தூளியக் கயித்துலருந்து அவங்களே உருவி, பொண்ணைச் சேலையோட அம்மா முதுகுல கட்டுனாங்க. அப்புறம் முன்பக்கம் போய் தாப்பாள் போட்டு, கதவுல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு நின்னாங்க. தாப்பாள் மேல அவங்களுக்கு நம்பிக்கை இல்ல. அம்மா ரயில் ரோட்டு மேல ஏறித் திரும்பிப் பாத்தா. வெள்ளைச் சேலை மட்டும் தெரிஞ்சுது. தட். தட். தடதடதட. அப்புறம் டொம்முனு ஒரு சத்தம். அப்போ பாத்து ரயிலு வந்துருச்சு. கடகடகடகடகட. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

...

தூங்கிட்டியா?

"பெர்சிஸ் அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

கதவோட சேர்த்துத் தள்ளிட்டான். விழுந்த எடத்துல அம்மிக்கல்லு, தலையில அடிபட்டுருச்சு. ரூமுல அவன் தேடுனது கிடைக்கல. ஜனங்க ஓடிவந்து அவனைப் பிடிச்சுட்டாங்க. அம்மா தூரத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்து போன் பண்ணப்போ பாஸ்டர் சம்சாரம் சொன்னாங்க, பெரியாஸ்பத்திரியில வெச்சிருக்கோம்னு. மூணாம் நாள் மறுபடியும் பண்ணா.

"மூணாம் நாள் எழுந்திரிச்சுட்டாங்களா? இங்க ஞாயித்துக்கிழமை பைபிள் கதை சொல்ற அக்கா சொன்னாங்களே."

அது வேற ஒருத்தர்மா. பெர்சிஸ் அம்மா மூணாம் நாள் செத்துப்போனாங்க.

"வலிச்சிருக்குமா?"

வலிச்சிருக்கும்.

"அவன்?"

கொஞ்ச நாள் ஜெயில்ல இருந்தான். அப்புறம் ஜாமீன்ல விட்டுட்டாங்க. வெளியிலதான் இருக்கான்.

"தேடுறானா?"

தேடுவான். அதனாலதான் கதையில அம்மாவுக்குப் பேரு இல்ல, பொண்ணுக்குப் பேரு இல்ல, ஊருக்கும் பேரு இல்ல. பெர்சிஸ் அம்மா பேரை மட்டும் எவ்வளவு சத்தமா வேணாலும் சொல்லலாம். அவங்களை இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

"ம்."

அந்தக் குழாயை எறக்கிட்டாங்களாம். புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துறது மட்டும் நிக்கல. இப்போ அங்க ஜெபத்துல யார் பேரையும் சொல்றது இல்லையாம். ஒரு தாய், ஒரு புள்ளை, பேரு உமக்குத் தெரியும் ஆண்டவரேன்னு மட்டும் சொல்லுவாங்களாம்.

"சாமிக்குத்தான் தெரியுமே. அப்போ பெர்சிஸ் அம்மா ஏன் சொன்னாங்க?"

அதை நானும் ரொம்ப நாள் யோசிச்சேன். பிரியமானவங்க பேரை வாய் விட்டுச் சொல்லணும்னு ஆசையா இருந்திருக்கும்.

"எனக்கும் ஆசையா இருக்கும்மா. ஸ்கூல்ல கூப்பிடுறாங்களே, அந்தப் பேரு இல்ல. என் பேரு."

...

காதுல சொல்லு. இன்னும் கிட்ட வா. சத்தம் வராம, மூச்சால மட்டும் சொல்லு.

ம்.

கேட்டுச்சு. அந்தப் பேருதான்.

இப்போ காலை உள்ள இழுத்துக்கோ, பெர்சிஸ் அம்மா சேலைக்குள்ள. தாப்பாள் போட்டாச்சு, கதையும் தீந்துச்சு. தூங்கு.