குட்டைத் தண்ணீரும் கரடியின் கணக்கும்

ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாலும் குட்டிகளோடு காட்டைவிட்டுப் போகவேண்டியதுதான். அதை நினைத்தபடியே புள்ளிமான் ஆமையின் முன் நின்றது. கோடையில் அந்தக் காட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குட்டை. அதற்குக் காவல் கரடி. தண்ணீர் எத்தனை விரல் இறங்கியது என்று தினமும் அளப்பது அதன் வேலை.

"ஆமையக்கா! முந்தாநாள் இரண்டு எருமை, ஒரு மான் குடித்தன. ஐந்து விரல் இறங்கியது. நேற்று ஒரு எருமை, மூன்று மான். அதே ஐந்து விரல்! இன்று வந்ததே ஒரு எருமையும் இந்த மானும்தான். ஆறு விரல் போய்விட்டது! எல்லாம் இவள் வயிற்றில்தான். துரத்துங்கள்!" என்று கத்தியது கரடி.

குட்டைத் தலைவி ஆமை, மானைப் பார்த்தது.

"நான்... அது வந்து..." என்று மான் திணறியது.

"பாருங்கள், திருட்டு முழி!"

மானுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"வாயை மூடு! முந்தாநாளைவிட நேற்று ஒரு எருமை குறைவு, இரண்டு மான் கூடுதல். தண்ணீரோ ஒரே அளவுதான் இறங்கியது. அப்படியென்றால் ஒரு எருமை குடிப்பதை இரண்டு மான் குடிக்கும்! முந்தாநாள் வந்த இரண்டு எருமைக்குப் பதில் நான்கு மான் என்று வை. கூட ஒரு மான். ஐந்து மானுக்கு ஐந்து விரல்! மானுக்கு ஒன்று, எருமைக்கு இரண்டு. இன்று மூன்று விரல்தான் இறங்கியிருக்க வேண்டும். மீதி மூன்று எங்கே?"

"அதானே! எங்களுக்குப் பிறகு இங்கே இருந்தது நீ மட்டும்தானே?" என்று, இன்று குடிக்க வந்திருந்த எருமை கொம்பை ஆட்டியது.

"வெயில் தாங்கவில்லை! இறங்கிக் குளித்துவிட்டு, நாலு வாய் குடித்தால் அதுவும் குற்றமா?" என்று உளறிவிட்டது கரடி.

"இனி அப்படிச் செய்யாதே, போ" என்றது ஆமை.

"அவ்வளவுதானா? நான் என்றால் காட்டைவிட்டே துரத்துவீர்கள். அவன் என்றால் 'செய்யாதே, போ'வா?" என்று மான் காலால் தரையை உதைத்தது.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. காவலும் கரடியிடமே இருந்தது.

அன்றிலிருந்து மான் தனியாகக் குட்டைக்கு வருவதில்லை. எருமைகளோடு சேர்ந்தே வந்தது. குடித்து முடித்ததும் எருமையை அருகில் நிறுத்தி, தண்ணீர் எத்தனை விரல் இறங்கியது என்று தானே அளந்த பிறகுதான் கரையேறியது.

ஒரு நாள் நடந்ததை மட்டும் வைத்து ஒருவர்மேல் பழி போடாமல், எல்லா நாளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான குற்றவாளி யார் என்று தெரியும்.