ஓடைப்புழுவின் கல்சட்டை

அந்தக் காலத்தில் புழுவுக்கும் பேச்சிருந்தது, மீனுக்கும் பேச்சிருந்தது. யார் யாரைத் தின்பது என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. முகத்துக்கு நேரே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். அப்போது மலைமேல் ஓர் ஓடைக்கரையில் நஞ்சக்கா என்று ஒருத்தி இருந்தாள். இறகைத் தூண்டில் முள்ளில் கட்டி, பூச்சி மாதிரி ஆக்கி, தண்ணீரில் மிதக்கவிட்டு மீன் பிடிப்பது அவள் தொழில். கோபக்காரி. பேரத்தில் எமனையே அரைநாள் நிற்கவைப்பாள். இறகுப்பூச்சி கட்ட அவளிடம் ஒரே ஒரு பட்டுநூல்கண்டு இருந்தது. ஒரு குடம் தேன் கேட்டவனிடம் கத்திக் கத்தியே அரைக்குடத்துக்கு வாங்கியது.

அந்த மார்கழியில் அவள் தங்கை பூவாயிக்குக் குழந்தை பிறந்தது. மூன்று நாளாகியும் பால் இறங்கவில்லை. பிள்ளை வெறும் மார்பைச் சப்பிச் சப்பி, அழக்கூடத் தெம்பில்லாமல் சிணுங்கியது. ஓடையிலிருக்கும் புள்ளிமீனைச் சாறு வைத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்பது அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும்.

விடிந்ததும் நஞ்சக்கா ஓடைக்குப் போனாள். இறகுப்பூச்சி மிதந்தது, மிதந்தது, மிதந்துகொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால், கொழுத்த புள்ளிமீன் ஒன்று மடுவின் அடியில் வயிற்றைக் கல்லில் வைத்துக்கொண்டு கிடக்கிறது.

“ஏய் புள்ளி! மேலே வந்தால் என்ன, குறைந்தா போய்விடுவாய்?”

“குளிருது அக்கா. சாப்பாட்டைக் கீழே கொண்டுவா, வாய் திறக்கிறேன். பேச்சு மாறமாட்டேன்.”

இறகு எங்கே கீழே போகும்? நஞ்சக்கா ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பூச்சியின் தலையில் கட்டினாள். அது தொபுக்கென்று தலைகீழாக விழுந்து, இறகெல்லாம் நசுங்கிச் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது.

“என்னக்கா இது? தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிற பூச்சியா?” என்று மீன் சிரித்தது.

அவள் மீனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கும்போது, காலடியில் ஒரு மெல்லிய குரல் கேட்டது. பார்த்தால், சட்டை துணி எதுவும் இல்லாத வெளிறிய ஓடைப்புழு ஒன்று, ஒரு கல்லை ஆறு காலாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

“அடியில் கிடக்கிற மீன் எதைத் தின்னும் என்று எனக்குத் தெரியும் அக்கா. எங்களைத்தான். பூச்சியை எப்படிக் கட்டுவதென்று சொல்லித் தருகிறேன். நூல் கொடு.”

“உனக்கு எதுக்குடா நூல்?”

“கல்லோடு என்னைக் கட்டிக்கொள்ள. நாங்கள் இலேசு, தண்ணீர் உருட்டிக்கொண்டு போய்விடுகிறது. என் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் அருவியில் போய்விட்டார்கள். மிச்சம் நான் ஒருத்தன்.”

“எவ்வளவு வேணும்?”

“ஒரு முழம்.”

“முழமா? நீயே என் நகத்தளவு இல்லை! இரண்டு விரற்கடை தருகிறேன்.”

“அதில் ஒரு மணலைக்கூடக் கட்ட முடியாது. முக்கால் முழம்.”

“இரண்டு விரற்கடை. வேணுமானால் வாங்கு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு.”

“உன் வாய் மாதிரி கெட்டியாக எனக்கொரு சட்டை இருந்தால், எந்த வெள்ளமும் என்னை அசைக்காது.”

“வாயைப் பற்றிப் பேசினாயா? இனி ஒரு விரற்கடைதான்!”

அவள் விரலை நீட்டிக் காட்டியபோதே, மேல்மலையில் பெய்த மழைத்தண்ணீர் குபுகுபுவென்று வந்துவிட்டது. கல் புரண்டது. புழுவின் பிடி நழுவியது. அருவியைப் பார்த்து உருண்டுகொண்டே அது கத்தியது:

“ஒரு விரற்கடையே போதும் அக்கா!”

அந்தக் குரல் பூவாயி பிள்ளையின் சிணுங்கல் மாதிரியே இருந்தது. நஞ்சக்கா அளக்கவில்லை, அறுக்கவில்லை. நூல்கண்டை முழுசாகத் தண்ணீரில் வீசினாள். நூல் பிரிந்து ஓடி, புழுவைச் சுற்றிக்கொண்டு, அதோடு சேர்ந்து கண்மறைந்தது.

பிறகுதான் கை காலி என்பது உறைத்தது. “கெட்டேன்! பிள்ளைக்கு என்ன சொல்வேன்?” என்று கரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடையைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள், திட்டத் திட்டக் குரல் உடைந்தது.

வெள்ளம் வடிந்தது. “அக்கா, இங்கே பார்.”

புழு அருவிப் பக்கமிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது. மணலும் பொடிக்கல்லும் நூலால் ஒட்டிச் சட்டையாகியிருந்தன. மிச்ச நூல் முழுவதும் அதன் வாய்வழியே வயிற்றுக்குள் போய்விட்டிருந்தது. தலையும் கால்களும் மட்டும் வெளியே. ஓடும் தண்ணீர் அதை அசைக்கவில்லை.

“எனக்கு மெத்து உள்ளே, கல் வெளியே. உன் பூச்சிக்கு மாற்றிக் கட்டு. கனத்தை வயிற்றில் வை, மேலே இறகைப் போர்த்து. மீன் வாய்க்கு மெத்தென்று இருக்க வேண்டாமா?”

“நூலுக்கு எங்கேடா போவேன்?”

“தலை நிறைய வைத்துக்கொண்டா கேட்கிறாய்?”

நஞ்சக்கா தலைமுடியில் நாலைந்து இழை பிடுங்கினாள். காதிலிருந்த செப்புக்கம்பி வளையத்தைக் கழற்றி நிமிர்த்தி, முள்ளின் தண்டில் நெருக்கமாகச் சுற்றினாள். அதன்மேல் பழுப்பு இறகை, வால் பக்கம் ஒல்லியாகவும் மார்பு பக்கம் பருமனாகவும் சுற்றி, முடியால் இறுக்கி முடிச்சுப் போட்டாள். மடுவுக்குக் கொஞ்சம் மேலே வீசினாள். பூச்சி முழுகியது, அடிக்கல்லைத் தொட்டுத் தொட்டு, வழிதவறிய புழு மாதிரி உருண்டு வந்தது.

“பேச்சு பேச்சுதான்” என்று சொல்லி மீன் வாய் திறந்தது.

அன்று மாலை பூவாயி மிளகு தட்டிப்போட்ட மீன்சாறு குடித்தாள். மறுநாள் பொழுது ஏறும்போது பால் இறங்கியது. பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்தது, புரையேறியது, மறுபடி குடித்தது.

“மெதுவாடி என் ராசாத்தி! இங்கே யாரும் உன்னோடு பேரம் பேச வரலை” என்று நஞ்சக்கா அதட்டினாள். அதட்டிக்கொண்டே உச்சந்தலையைத் தடவிவிட்டாள்.

மலையோடைத் தூண்டில்காரர்கள் முதலில் வயிற்றில் கம்பியைச் சுற்றி, அப்புறம் இறகைப் போர்த்துவது அன்று முதல்தான். ஓடைப்புழு கல்சட்டை போட்டதும் அன்று முதல்தான். நம்பாதவர்கள் ஏதாவது ஒரு மலையோடையில் கல்லைப் புரட்டிப் பார்க்கட்டும். மணலை மணலோடு ஒட்ட அது வாயிலிருந்து நூல் இழுத்துக்கொண்டிருக்கும். அளந்து கொடுத்திருந்தால் அந்த நூல் என்றைக்கோ தீர்ந்திருக்கும். அவள் அளக்கவில்லை, இன்னும் தீரவில்லை.