ஐந்தாவது கருவேல மரத்துக்கு வந்த ஓலை

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சும் இருந்தது, எழுத்தும் இருந்தது, தபாலும் இருந்தது. எருக்கிலையில் முள்ளால் கீறி, மடித்து, அதே முள்ளால் குத்தி அனுப்பினால் அதற்கு ஓலை என்று பெயர். அதைக் கொண்டு சேர்க்கும் உத்தியோகம் கரிச்சானுடையது. பிரித்துப் படிக்கக் கூடாது. சொன்ன இடத்தில் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் கரிச்சான் ஒருநாளும் மீறியதில்லை. அதைச் சொல்லிக்காட்டாத நாளும் இல்லை.

தண்ணீர் வற்றிய கீழேரிக்குள், பருக்கைக் கற்களுக்கு நடுவே, ஆள்காட்டி நான்கு முட்டைகள் இட்டு அடைகாத்துவந்தாள். அவளுடைய முதல் ஈடு அது. இன்னும் மூன்று நாள் போனால் பொரிந்துவிடும். கரையோரம் கருவேல மரங்கள் வரிசையாக நின்றன. ஏரிக்குள் குடியிருந்த எல்லோருக்கும் அவைதான் விலாசம். மடையிலிருந்து எண்ணினால் ஐந்தாவது மரத்துக்கு நேரே ஆள்காட்டியின் கூடு. போன மாதக் காற்றில் இரண்டாவது மரம் வேரோடு சாய்ந்தது; ஆட்கள் வந்து விறகுக்கு இழுத்துப் போனார்கள். அதனால் தன் விலாசம் மாறிவிடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

அன்று உச்சிப்பொழுதில் மேற்கு வானம் கறுத்துக் கிடந்தது. காலில் கட்டிய ஓலையோடு கரிச்சான் தலைக்கு மேலே பறந்தான்.

"கரிச்சான் அண்ணே, எனக்கா அது?"

"உனக்கில்லை தங்கச்சி. மேலேரி ஆமை அனுப்பியது. ஐந்தாவது மரத்துக்கு."

"நான் ஐந்தாவது மரந்தானே?"

"விழுந்த மரத்தையும் சேர்த்தா எண்ணுவாய்? நிற்கிறதை எண்ணிப் பார். நீ இப்போது நாலு. ஐந்து என்றால் அதோ, கரைமேட்டில் கவுதாரி வீடு."

"கவுதாரிக்கும் ஆமைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதே. அவளுக்கு எதற்கு எழுதுகிறார்? ஒரே ஒரு வரி பிரித்துப் பாரேன், அண்ணே."

"அடுத்தவள் ஓலையைப் பிரிக்கச் சொல்ல உனக்கு வெட்கமாயில்லை? நாளைக்கு உன்னுடையதை இன்னொருத்தி பிரித்தால் சும்மா இருப்பாயா?"

ஆள்காட்டியின் முகம் சுண்டிப்போயிற்று. கத்தியிருக்கலாம். பின்னாலேயே பறந்துபோய்ப் பிடுங்கியிருக்கலாம். அடக்கமானவள் என்ற பெயர் கெட்டுவிடுமே என்று இறகை ஒடுக்கிக்கொண்டு முட்டைகளின் மேல் அமர்ந்தாள். பெயர் கெடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மேலேரி உடைந்தது. முதலில் இரைச்சல் வந்தது. அது என்னவென்று புரிவதற்குள் தண்ணீர் வந்தது. ஒரு முட்டையை மார்பால் உருட்டி உருட்டிக் கரையின் பாதிவரை ஏற்றினாள். திரும்பிப் பார்த்தபோது மற்ற மூன்றும் இருந்த இடத்தில் செந்நீர் சுழித்துக்கொண்டிருந்தது. அவள் அலறிக்கொண்டு அங்கே பறந்த நேரத்தில், ஏற்றிவைத்த முட்டையும் ஈரச் சரிவில் வழுக்கி உருண்டு போயிற்று.

கரைமேட்டில் கவுதாரி உட்கார்ந்திருந்தாள். ஓர் இறகுகூட நனையவில்லை. அவளுக்கு முன்னால் எருக்கிலை விரிந்து கிடந்தது: "நான்கு முட்டைகளையும் பொழுது சாய்வதற்குள் கரையேற்று. மேலேரி தாங்காது."

"உனக்கு ஏதடி முட்டை?" என்றாள் ஆள்காட்டி.

"இல்லை அக்கா."

"படித்தாயா?"

"பத்துத் தடவை."

"உனக்கு எழுதியதில்லை என்று தெரியவில்லையா?"

கவுதாரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "தெரிந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் என் வாசலுக்கு ஓர் ஓலை வந்ததில்லை அக்கா. ஒருத்தரும் எழுதியதில்லை. ஏரி இன்றைக்கே உடையும் என்று நம்பவில்லை. இன்றைக்கு ஒருநாள் வைத்திருந்துவிட்டுக் காலையில் கொண்டுவந்து தரலாம் என்றுதான்…"

அப்போது கரிச்சானும் வந்து சேர்ந்தான். தண்ணீரைப் பார்த்தான், இலையைப் பார்த்தான். "என் எண்ணிக்கையில் தப்பில்லை. நிற்கிற மரத்தைத்தானே எண்ண முடியும்?" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஆமை தனக்குத் தெரிந்த மரங்களை எண்ணியது. கரிச்சான் கண்ணுக்குத் தெரிந்த மரங்களை எண்ணினான். இருவரும் சரியாகவே எண்ணினார்கள். நான்கு குஞ்சுகள் செத்தன.

ஆள்காட்டி அவர்களில் யாரையும் திட்டவில்லை. தண்ணீர் வடிந்தபின் அதே பருக்கைக் கற்களுக்கு நடுவே மீண்டும் முட்டையிட்டாள். எந்த ஓலையையும் எதிர்பார்க்கவில்லை; எந்த மரத்திலும் உட்காரவில்லை. தொலைவில் ஒரு நரியின் தலை தெரிந்ததும் எழும்பிப் பறந்து, ஏரி முழுவதும் கேட்கும்படி கத்தினாள். "அடக்கமாயிருந்தவள் இப்படி ஆகிவிட்டாளே" என்று கொக்குகள் முணுமுணுத்தன. அவள் இன்னும் உரக்கக் கத்தினாள்.

அந்த நாள் தொட்டுத்தான், நரியோ நாயோ மனிதனோ யார் வந்தாலும் ஆள்காட்டி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. அந்தச் சேதி யாருக்கு உரியது என்று அது பார்ப்பதேயில்லை.