முட்டையிட்ட தாயின் மூளை

கல்லூரி விலங்கியல் துறையில் சிஸ்டர் பெர்க்மான்ஸின் அருங்காட்சி அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பதெல்லாம் ஃபார்மலின் ஜாடிகள். உயிருள்ளது ஒரு பல்லிகூட இல்லை. ஆனாலும் கதவைத் தட்டி, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் நுழைய வேண்டும்.

ஆய்வு மாணவி ஜெசிந்தா தட்டினாள். நின்றாள். எப்போதும் சிரித்துக்கொண்டே செய்கிற காரியம். அன்றைக்கு மட்டும் உள்ளே எதுவோ சம்மதித்தது போலிருந்தது.

சிஸ்டர் நிமிரவில்லை. முப்பது வருடமாக மூளை அறுக்கக் கற்றுக்கொடுப்பவர்.

"மூணு மாசப் பிள்ளையை விட்டுட்டு இங்க என்ன வேலை?"

"மாமி பார்த்துக்கிறாங்க சிஸ்டர்."

"நீ?"

ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அவள் குழந்தையைத் தூக்கவில்லை. பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் வைப்பாள். பாலாடையில் புகட்டுவது மாமியார். குழந்தையின் மூளையில் இரண்டு பாதிகளையும் சேர்க்கிற பட்டை உருவாகவே இல்லை என்றார் டாக்டர். அதற்குப் பிறகு, குழந்தை அவள் முகத்தைத் தாண்டி, பின்னால் நிற்கிற யாரையோ பார்ப்பது போலவே இருந்தது.

"சிஸ்டர், அவளுக்கு என்னைத் தெரியுமா?"

சிஸ்டர் எழுந்து இரண்டு ஜாடிகளைத் திறந்தார்.

"ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல்ல வந்தவங்க. மரியாதையாத் தொடு."

முட்டையிட்டுப் பால் கொடுக்கிற இரண்டு பிராணிகளின் மூளைகள். வாத்தலகுள்ள பிளாட்டிபஸினுடையது உரித்த காடை முட்டை போல வழுவழு என்றிருந்தது. முள்ளுடம்புள்ள எக்கிட்னாவினுடையது அக்ரூட் பருப்பாக மடிப்பு மடிப்பாய் இருந்தது.

"மடிப்பு உள்ளதை மேலாகப் பிரி. பட்டையைக் காட்டு."

எலியில் காட்டியிருக்கிறாள், முயலில், ஆட்டில். கத்தி முனையால் கீறி, இரண்டு பாதிகளையும் விலக்கினாள். வெள்ளைப் பட்டையைக் காணோம். லென்ஸ் வைத்துத் தேடினாள்.

"அறுத்துட்டேன் சிஸ்டர். என் கைதான். நான்தான் கெடுத்துட்டேன்."

"எதை?"

ஜெசிந்தா கத்தியைக் கீழே வைத்தாள்.

"வழுவழுப்பானதையும் பிரி."

மறுபடி கத்தியை எடுத்துப் பிரித்தாள்.

"இதுலயும் இல்லை."

"இதுகளுக்குக் கிடையவே கிடையாது. நீ அறுக்கலை. பாடத்துல படிச்சவதானே, பயத்துல மறந்துட்டே. அடியில பாரு."

ஆழத்தில், முன்பக்கமாக, தடித்த வெள்ளைக் கயிறு ஒன்று இரண்டு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"எலிக்கு இது நூல் மாதிரி இருக்கும். இதுகளுக்குப் பட்டையோட வேலையையும் இதுதான் செய்யுது."

"என் பிள்ளைக்கு இப்படி இருக்குமா?"

"தெரியாதும்மா."

சிஸ்டர் மேல் தட்டிலிருந்து இன்னொரு ஜாடியை இறக்கினார். ஓர் எக்கிட்னாவின் வயிற்றுத் தோல், குட்டியைச் சுமக்கிற பை கீறித் திறந்தபடி. உள்ளே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு குட்டி, ரோமமில்லாமல், வாய் மட்டும் தோலில் பதிந்து.

"தாய் செத்துடுச்சு. குட்டியை வெளியே எடுத்து வெச்சாங்களாம். ஊர்ந்து உள்ளே போயிடுச்சு. மறுபடி எடுத்தாங்க. மறுபடி போயிடுச்சு."

"கண்ணே திறக்கலையே."

"திறக்கலை."

"இதுகளுக்குக் காம்பும் கிடையாதே."

"கிடையாது. தோல்ல பால் கசியும், அவ்வளவுதான்."

சிஸ்டர் ஜாடியை மேசையில் வைத்த வேகத்தில் உள்ளே திரவம் ஆடியது. வாய் தோலிலிருந்து விட்டுப்போய், அந்தச் சின்ன முகம் மெல்லத் திரும்பி ஜெசிந்தாவின் பக்கமாக நின்றது. அவள் பின்வாங்கினாள். மார்பு கனத்து, ரவிக்கை நனைந்தது.

"அப்போ எப்படித்தான் கண்டுபிடிச்சது சிஸ்டர்?"

சிஸ்டர் சோப்புக்கட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கையை முழங்கை வரைக்கும் நல்லாக் கழுவிட்டு வீட்டுக்குப் போ. ஃபார்மலின் வாசனையில உன் வாசனையைத் தேடிப் பிள்ளை தவிச்சுப்போவா."