நான்காவது கால்

“இந்தப் பிளாஸ்டிக் எனக்கு எதுக்கு மேடம்?” என்று கேட்டார் எபனேசர்.

டாக்டர் உமையாள் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியைப் பிட்டார்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர்களின் அறை. எபனேசர் எலும்பு டாக்டர். திருநெல்வேலிப் பக்கம். உடைந்த கைகால்களை ஒட்டவைத்தே தலை நரைத்தவர். தோள்மூட்டு மாற்றும் ஆபரேஷனை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஊரில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

கற்றுத்தருகிற உமையாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். யார் குரு, யார் சீடர் என்பது வார்டில் பாதிப் பேருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

எபனேசர் குறை சொன்ன பொருள் மேஜைமேல் இருந்தது. கைடு என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைத் துண்டு. நான்கு குட்டிக் கால்கள், நடுவில் ஒரு துளை.

நோயாளியின் தோளை ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் திட்டம் போட்டு, அந்த ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி அச்சிட்டு அனுப்புவார்கள். மேற்கை எலும்பு பொருந்துகிற தோள்குழியின்மேல் வைத்தால் ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். துளை வழியாகக் கம்பியை இறக்கினால் திட்டம் போட்ட இடத்தில், திட்டம் போட்ட சாய்வில் போய் நிற்கும். புது மூட்டு அந்தக் கம்பியைப் பின்பற்றித்தான் உள்ளே போகும்.

“நான் பார்க்காத எலும்பா மேடம்? கண்ணை மூடிட்டுக் கம்பி போடுவேன்.”

எபனேசருக்குப் பெருமை கொஞ்சம் உண்டு. கையும் நல்ல கைதான், அதனால் யாரும் குறைசொன்னதில்லை.

உமையாள் விரலைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து இன்னொரு பொருளை எடுத்தார். மாதிரி எலும்பு. அதே நோயாளியின் தோள்குழி, அச்சு அசலாக, பிளாஸ்டிக்கில்.

“மூடுங்க சார்.”

“என்னத்தை?”

“கண்ணை.”

மூடினார். ஒரு கையில் எலும்பு, மறு கையில் கைடு. முதலில் வழுக்கியது. அப்புறம் கொஞ்சம் திருப்பினார். டக்கென்று உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

“இதுல டாக்டருக்கு என்ன வேலை? யார் வெச்சாலும் உட்காருதே.”

“ஆமா சார்.”

“அப்ப இது புதுசா கத்துக்கிற பிள்ளைகளுக்குச் செஞ்சது.”

“யாருக்குச் செஞ்சதுன்னு அதுலயே போட்டிருக்கு.”

எபனேசர் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் பொடி எழுத்துகள் புடைத்திருந்தன. இருளாயி. வலது.

“இது நோயாளி பேரு மேடம்.”

உமையாள் அடுத்த இட்லியை எடுத்தார்.



இருளாயி ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு, கரிப்பெட்டியால் துணி தேய்த்து வாழ்ந்தவர். அறுபதைத் தாண்டிய வயது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

“என்னம்மா, மொட்டை போட்டு முளைச்சுதா? வேண்டுதலா?” என்று கேட்டார் எபனேசர்.

“வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல டாக்டர். இடுப்பு வரைக்கும் கெடந்துச்சு. கையத் தூக்க முடியல. எப்படிச் சீவ, எப்படிக் கொண்டை போட? மக திருப்பூர்ல இருக்கா. அடுத்த வீட்டுக்காரிகிட்ட எத்தன நாளைக்குத் தலையக் குடுத்துட்டு உக்காந்துருக்கது? கத்திரிய எடுத்து வெட்டி விடுடின்னுட்டேன்.”

சொல்லிவிட்டு இடது கையால் தலையைத் தடவிக்கொண்டார். சிரிக்கத்தான் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

“ஆபரேஷன் முடிஞ்சா என்ன செய்யணும்னு ஆசை?”

“கொண்டை போடணும். என் கையால.”

வெளியே வராந்தாவில் உமையாள் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“குழி தேய்ஞ்சே போச்சு சார். எலும்பு ரொம்பக் கம்மி. கம்பிக்கு ஒரு துளைதான். அது தப்பிப் போச்சுன்னா இன்னொண்ணு போட எலும்பு கிடையாது. மூட்டு நிக்காது.”

“கொண்டையும் கிடையாது,” என்றார் எபனேசர்.

“ஓரத்துல முள்ளு முள்ளா எலும்பு வளர்ந்திருக்கு பாருங்க. பார்க்க அசிங்கமா இருக்கும். தட்டி எடுக்கச் சொல்லிக் கை துறுதுறுங்கும். கைடு உட்காருற வரைக்கும் தொட்றாதீங்க. அது அந்த முள்ளைப் பிடிச்சுத்தான் நிக்கும்.”

“தெரியும் மேடம்.”

“சும்மா சொன்னேன்.”

“நல்லாத் தெரியும்.”



மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டரில் கத்தி எபனேசர் கையில் இருந்தது.

தோலைத் திறந்தார். தசையை விலக்கினார். ரத்தம் அதிகமில்லை. எதிரே உமையாள் இரண்டு கைகளாலும் தசைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அழகான வேலை அது. மயக்க டாக்டர்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

தோள்குழி தெரிந்தது. ஓரத்தில் கரடுமுரடாக முட்கள்.

சிஸ்டர் நிப்ளரை நீட்டினார். எலும்பைக் கொறிக்கிற இடுக்கி அது. குழியைச் சுற்றி ஒட்டியிருக்கும் சவ்வுகளை எடுக்கத்தான் எபனேசர் கேட்டிருந்தார். எடுத்தார், சுத்தமாக எடுத்தார். கை அப்படியே நகர்ந்தது. எத்தனையோ வருஷமாக, எந்த மூட்டைத் திறந்தாலும் முள்ளைக் கண்டால் தட்டுகிற கை.

நறுக்.

“சார்!” என்றார் உமையாள்.

முள்ளின் துண்டு நிப்ளரின் வாயில் இருந்தது.

எபனேசர் அதைப் பார்த்தார். கிண்ணத்தில் போட்டார். கைடை எடுத்துக் குழியில் வைத்தார்.

ஆடியது.

கால் மட்டமில்லாத ஸ்டூல் மாதிரி, தொட்ட பக்கமெல்லாம் சாய்ந்தது. மூன்று கால்கள் எலும்பைப் பிடித்திருந்தன. நான்காவது கால் அந்தரத்தில் நின்றது. அது நிற்க வேண்டிய இடம்தான் கிண்ணத்தில் கிடந்தது.

“தெரியும் மேடம்,” என்றார் எபனேசர். “எனக்கு நல்லாத் தெரியும். என் கைக்குத்தான்…”

கைடைக் குழியிலிருந்து எடுத்தார்.

“நீங்க எடுத்துக்கங்க மேடம். நான் விலகிக்கிறேன்.”

உமையாள் அவரை விலகச் சொல்லவில்லை. உதவி டாக்டரைக் கூப்பிட்டுத் தசைகளைப் பிடிக்கச் சொன்னார்.

“சிஸ்டர், மாதிரி எலும்பு.”

அதுவும் கிருமி நீக்கித் தட்டில் தயாராக இருந்தது. உமையாள் ஒரு கையில் அதை வாங்கினார். மறு கையால் எபனேசரின் கையிலிருந்து நிப்ளரை எடுத்தார். இருளாயியின் எலும்பை உற்றுப் பார்த்தார். மாதிரியை உற்றுப் பார்த்தார்.

நறுக்.

மாதிரியிலிருந்த அதே முள்ளை, அதே இடத்தில், அதே அளவுக்கு உடைத்துவிட்டார்.

“ஐயோ மேடம், அது ஒண்ணுதான் இருக்கு!” என்றார் சிஸ்டர்.

உமையாள் உடைந்த மாதிரி எலும்பை எபனேசரிடம் நீட்டினார்.

“இப்ப ரெண்டும் ஒண்ணு சார். முதல்ல இதுல உட்கார வைங்க.”

எபனேசர் வாங்கிக்கொண்டார். கைடை வைத்தார். அதே ஆட்டம்.

மாதிரியில் ஒரு வசதி இருந்தது. கம்பி போக வேண்டிய துளை அதில் முன்கூட்டியே போட்டிருந்தது. கைடு சரியாக நின்றால் கம்பி அந்தத் துளைக்குள் இறங்கும். இல்லாவிட்டால் முட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தரத்தில் நின்ற நான்காவது காலுக்கு அடியில் கட்டைவிரல் நுனியைக் கொடுத்தார் எபனேசர். மற்ற மூன்று கால்களும் எலும்பை விட்டு எழும்பாதபடி மேலே ஆள்காட்டி விரலால் அழுத்தினார். கம்பியை விட்டார். முட்டியது. கட்டைவிரலைக் கொஞ்சம் இழுத்தார். முட்டியது. இன்னும் ஒரு மயிரிழை இழுத்தார்.

கம்பி வழுக்கிக்கொண்டு துளைக்குள் இறங்கியது.

கைடை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இறங்கியது. மறுபடி வைத்தார். இப்போது முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மயக்க டாக்டர், “நோயாளி நல்லா இருக்காங்க சார், நிதானமாப் பண்ணுங்க,” என்றார். அந்த வார்த்தைக்காக எபனேசர் அவரை அப்படியே கட்டிக்கொண்டிருப்பார், கைகள் சும்மா இருந்திருந்தால்.

கொஞ்ச நேரத்தில் வைத்த தடவையெல்லாம் கம்பி இறங்கத் தொடங்கியது. அப்புறம் அவர் மாதிரியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். விரல் அதுவாகப் போய் நின்றது.

“இப்ப போடலாமா சார்?” என்றார் உமையாள்.

“கம்பியை நீங்க இறக்குங்க மேடம். நான் நாலாவது காலா நிக்கிறேன்.”

இருளாயியின் தோள்குழியில் கைடை வைத்தார். மூன்று கால்கள் எலும்பில். நான்காவது அவர் விரலில். உமையாள் குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். தலையசைத்தார். டிரில் ஓடியது. எலும்பின் அதிர்வு எபனேசரின் முழங்கை வரை ஏறியது. விரல் அசையவில்லை.

எக்ஸ்ரே படம் திரையில் வந்தது. கோணத்தை மாற்றி இன்னொன்றும் எடுத்தார்கள்.

கம்பி திட்டம் போட்ட இடத்தில் நின்றது.

எபனேசர் முகமூடிக்குள் ஏதோ சொன்னார். ஸ்தோத்திரம் என்பதுபோல் கேட்டது.



ஆபரேஷன் வலி கொஞ்சம் அடங்கியதும் எபனேசரே போய் இருளாயியிடம் சொன்னார்.

“அம்மா, ஒரு தப்பு நடந்துச்சு. விட்டு வைக்க வேண்டிய எலும்பை நான் அவசரப்பட்டு எடுத்துட்டேன்.”

“இப்பக் கை கெட்டுப்போச்சா?”

“இல்லம்மா. மேடம் காப்பாத்திக் குடுத்துட்டாங்க. மூட்டு நல்லா நிக்குது.”

“அப்புறம் என்னத்துக்கு மூஞ்சிய இப்படி வெச்சுருக்கீங்க? உக்காருங்க.”

எபனேசர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுத்தம் செய்து உறையில் போட்டிருந்த கைடை எடுத்துக் காட்டினார். எதன்மேல் எது உட்காரும், முள் எங்கே இருந்தது எல்லாம் சொன்னார். பெயர் இருக்கிற இடத்தையும் காட்டினார்.

இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. புடைத்த எழுத்தை விரலால் தடவினார்.

“வேற யாருக்கும் ஆகாதா இது?”

“ஆகாது. உலகத்துல உங்க ஒருத்தருக்குத்தான்.”

இருளாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஊர்த் துணி பூராம் தேச்சேன் டாக்டர். கல்யாணப் பட்டு, கோர்ட்டுக்குப் போற கோட்டு, எல்லாம். நான் உடுத்துனது பூராம் யாராச்சும் குடுத்த பழசு. ரவிக்கைகூட அடுத்தவ அளவுதான், ஊசி குத்திப் போட்டுக்கிடுவேன். எனக்குன்னு அளவெடுத்து ஒண்ணு செஞ்சது இதான் மொதத்தடவ.”

எபனேசருக்குக் கண் கலங்கிவிட்டது. கேஸ் ஷீட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார்.

“நான் வெச்சுக்கிடவா டாக்டர்?”

“உங்களுதுதாம்மா.”

இருளாயி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.



சில மாதங்கள் கழித்து, எபனேசர் ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில் இருளாயி செக்கப்புக்கு வந்தார். முடி காதைத் தொட்டிருந்தது.

“கையைத் தூக்குங்கம்மா,” என்றார் உமையாள்.

இருளாயி தூக்கினார். மெதுவாக. தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது. அப்படியே இரண்டு கைகளையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோனார். மணிக்கட்டில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டை உருவி, இருந்த முடியைச் சேர்த்துப் பிடித்து, முறுக்கிக் கட்டினார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குடுமி நின்றது.

“கொண்டைக்கு முடி பத்தல டாக்டர். கை பத்தும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். எபனேசர்தான் அதிகம் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இருளாயி இரண்டு கைகளையும் கூப்பினார். “நல்லா இருக்கணும் நீங்க.”

“நான்தாம்மா உங்களைக் கும்பிடணும்,” என்றார் எபனேசர். கும்பிட்டார்.

“இவர் எதுக்கு என்னையக் கும்பிடுறாரு?” என்று உமையாளிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இருளாயி குடுமியைத் தொட்டுப் பார்த்தபடி போனார்.

அறையில் இருவர் மட்டும். எபனேசர் கோட்டுப் பையில் கையை விட்டார். வெளியே எடுத்தது அந்த உடைந்த மாதிரி எலும்பு.

“கேட்காம எடுத்து வெச்சிருந்தேன் மேடம். ஊருக்குக் கொண்டுபோகலாமா?”

“அது உடைஞ்சது சார். முழுசா ஒண்ணு அச்சடிச்சுத் தரச் சொல்றேன்.”

“வேண்டாம் மேடம். கைடு அந்தம்மாவுக்குச் செஞ்சது. இது எனக்குச் செஞ்சது.”

“அளவு சரியா இருக்கா சார்?”

எபனேசர் கண்ணை மூடினார். கட்டைவிரல் எங்கும் தேடாமல் நேரே போய் அந்த உடைந்த இடத்தில் உட்கார்ந்தது.