சாத்தன் ஊதிய கிண்ணம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அதை ஆண்ட சேந்தவர்மரின் ஆசைகள் மட்டும் கதையாக மிஞ்சியிருக்கின்றன. ஒரு மாதம் அவருக்கு அரண்மனைக் காகங்களை எண்ணியாக வேண்டும். அடுத்த மாதம் பட்டத்து யானையைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடந்தாக வேண்டும். காகங்கள் எண்ணி முடிவதற்குள் பறந்துவிட்டன. யானை படகைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிட்டது. இப்போது மூன்றாவது ஆசை வந்திருந்தது. தன் சபையில் யார் யோக்கியன், யார் துரோகி என்று தெரிந்தாக வேண்டும்.

“அதுவும் கண்ணால் பார்க்க வேண்டும்,” என்றார் அரசர். “காதால் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.”

அந்தச் சபையில் விகடம் பேசுவதற்கென்று சாத்தன் என்றொருவன் இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அது காலையில் ஒரு நாழிகையில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் குதிரை லாயத்துக்குப் பின்னாலிருந்த பழைய வைக்கோல் கொட்டகையில் இருப்பான். சமையற்காரர், வண்ணார், குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருபது பேர் அங்கே அவனிடம் படித்தார்கள். எல்லாம் ஆறேழு வயதுப் பிள்ளைகள். பள்ளி நேரத்தில் அவர்கள் புல்லுக்கட்டுச் சுமக்க வேண்டியதில்லை என்று, அரசர் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் சாத்தன் அனுமதி வாங்கி வைத்திருந்தான்.

எழுத்தும் கணக்கும் முடிந்தால் சமையலறைச் சாமான்கள் வெளியே வரும். செம்பருத்தி ஊறிய நீரில் எலுமிச்சை பிழிந்து நிறம் மாறுவதைப் பார்ப்பார்கள். முட்டையைப் புளித்த காடியில் போட்டுவைத்து, ஓடு கரைந்து தோல் மட்டும் நிற்பதைத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்படி ஒரு முட்டை தரையில் விழுந்து உடையாமல் துள்ளியபோது, அன்று முழுக்க அவர்கள் வேறெதையும் பேசவில்லை.

அரண்மனை ரசவாதி அகோரநாதருக்கு அந்தக் கொட்டகையைக் கண்டாலே ஆகாது. ஒன்பது ஆண்டுகளாக வெற்றித் திருநாளன்று அவர் மஞ்சள் நீரைச் சபை நடுவே ரத்தமாக மாற்றிக் காட்டிப் பட்டாடை வாங்கிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டும் மந்திரம் சொன்னார், கையை வீசினார், நீர் சிவந்தது. சபை வாயடைத்து நின்ற அந்த நேரத்தில் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குழந்தைக் குரல் வந்தது.

“சுண்ணாம்பு போட்டுட்டாரு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரும்ப மஞ்சளாயிரும். நாங்க நேத்தே பண்ணிட்டோம்.”

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. அந்த ஆண்டு பட்டாடை வரவில்லை.

அந்தக் கோபம் ஆறாமலிருந்த அகோரநாதருக்கு அரசரின் மூன்றாவது ஆசை வெல்லக்கட்டி போல வந்து வாய்த்தது.

“பிரபு, அடியேனிடம் ஒரு சத்திய நீர் இருக்கிறது,” என்றார். “யோக்கியன் குழல் வைத்து அதில் ஊதினால் தெளிவாகவே இருக்கும். துரோகி ஊதினால் அவன் உள்ளத்து அழுக்கு மூச்சோடு வந்து நீர் கலங்கிவிடும்.”

“பேஷ். யாரைச் சோதிக்கலாம்?”

“பெயர் சொல்ல வாய் வரவில்லை, பிரபு. கொட்டகையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து என்னென்னவோ கலக்கும் ஒருவர் இருக்கிறார். எல்லாம் சமையற்காரர் வீட்டுப் பிள்ளைகள். இன்று கிண்ணத்தில் கலக்குகிறார்கள். நாளைக்குத் தங்கள் பாயசத்தில் கலக்கமாட்டார்கள் என்று யார் கண்டது?”

அரசர் கையிலிருந்த பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆணையை ஓலையில் எழுதிச் சபையில் வாசித்துவிட்டால், அதில் உள்ளபடிதான் நடக்க வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ அரசருக்கே உரிமை கிடையாது. அன்றைய ஆணையை அகோரநாதர் சொல்லச் சொல்ல ஓலைக்காரர் எழுதினார். பிறகு எழுந்து நின்று வாசித்தார்.

“இந்த ஆணை, சத்திய நீரில் ஊதும் எவருக்கும் பொருந்தும். ஊதுவதற்கு முன் வாதாடுபவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஆவார். ஊதுபவரை எவரும் இடையில் நிறுத்தலாகாது. அவராகக் குழலைக் கீழே வைத்தபின் நீர் எப்படி இருக்கிறதோ அதுவே தீர்ப்பு. கலங்கியிருந்தால் அவர் மாலைக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். அப்போது லாயத்துக் கொட்டகையையும் இடித்து, பிள்ளைகளைப் புல் சுமக்க அனுப்ப வேண்டும்.”

“பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாதல்லவா? அதற்காகத்தான் அப்படி எழுதச் சொன்னேன்,” என்று அகோரநாதர் சாத்தனைப் பார்த்துப் புன்னகைத்தார்.

முதலில் அவரே ஊதினார். செம்புக் கூஜாவிலிருந்து, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் பளிங்குக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, நாணல் குழலை வைத்து, கன்னம் உப்ப ஊதினார். நீர் பளிச்சென்று இருந்தது. சபை தலையாட்டியது.

பிறகு வேறொரு பளிங்குக் கிண்ணத்தை எடுத்தார். அதில் வெள்ளிக் கூஜாவிலிருந்து ஊற்றினார்.

கூஜா மாறியதைச் சாத்தன் பார்த்தான். அகோரநாதரின் நக இடுக்கில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்ததையும் பார்த்தான். சுண்ணாம்பைக் கரைத்து, அடியில் தங்கவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீர் இது. யார் ஊதினாலும் வெளுக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தால் வாதாடியவன் ஆகிவிடுவான். ஊதினால் துரோகி ஆகிவிடுவான். தான் எங்கே போவது என்ற கவலைகூட அப்போது வரவில்லை. ஆறு வயதுத் தலைகளின் மேல் ஈரப் புல்லுக்கட்டு ஏறுவதுதான் கண்ணுக்கு முன் வந்தது.

வேறு வழியில்லை. ஊதினான். நாலு மூச்சில் நீர் வெளுத்துவிட்டது.

“பார்த்தீர்களா, பிரபு?” என்றார் அகோரநாதர்.

சாத்தனும் அந்த வெள்ளையைத்தான் பார்த்தான். பால் மாதிரி இல்லை. அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் மாதிரி இருந்தது. சுண்ணாம்பு வாசனை அரசர் மூக்குக்கு எட்டிவிடுமோ என்று பயந்து, ரசவாதி நிறையத் தண்ணீர் கலந்திருக்கிறார்.

இந்த நீர்த்த வெள்ளையை அவன் ஒருமுறை பார்த்திருக்கிறான்.

மூன்று வாரத்துக்கு முன் பிள்ளைகள் இதே போல ஊதினார்கள். கடைசி வரிசைக்கு வரும்போது சுண்ணாம்பு நீர் தீர்ந்துவிட்டது. குதிரைக்காரர் மகள் நாச்சிக்கு ஒரு கரண்டிதான் மிஞ்சியது. அவள் முகம் சுருங்குவதற்குள் சாத்தன் கிணற்று நீரை விட்டுக் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டான். மற்றப் பிள்ளைகளுக்குப் பால் போல வெளுத்தது. கைதட்டிவிட்டு விளையாட ஓடிவிட்டார்கள். நாச்சிக்கு லேசாகத்தான் வெளுத்தது. அவள் விடவில்லை. எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்து ஊதிக்கொண்டே இருந்தாள்.

“ஐயா, என்னோடது போயிருச்சு,” என்று வந்து நின்றாள்.

“எது போச்சு?”

“வெள்ளை.”

கிண்ணத்தைப் பார்த்தான். உண்மைதான். நீர் மறுபடி தெளிந்திருந்தது. அதன்பின் சாத்தன் தனியாக நாலைந்து முறை செய்து பார்த்தான். சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால் எவ்வளவு ஊதினாலும் வெள்ளை போகவில்லை. நீர்த்திருந்தால் போயிற்று. ஏனென்று அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது சபையில் அவன் குழலைக் கீழே வைக்கவில்லை. மூக்கால் மூச்சை இழுத்து, குழலால் விட்டுக்கொண்டே இருந்தான்.

“போதும், குழலைப் பிடுங்குங்கள்,” என்றார் அகோரநாதர்.

சாத்தன் வாயில் குழலோடு, ஒரு விரலை நீட்டி ஓலையைக் காட்டினான். ஓலைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: “ஊதுபவரை எவரும் இடையில் நிறுத்தலாகாது.”

“எழுதியாகிவிட்டது, ரசவாதியாரே,” என்றார் அரசர். “ஊதட்டும். களைத்தால் தானாகவே கீழே வைப்பான்.”

ஐம்பது மூச்சு ஆயிற்று. மாற்றமில்லை. அரசர் வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். எண்பது ஆயிற்று. சாத்தனுக்குக் காது அடைத்தது, தூண்கள் மெல்ல ஆடின. சற்று நிறுத்தி, குழல் வாயிலேயே இருக்க, மூக்கால் மூச்சு வாங்கினான். ரசவாதி எத்தனை பங்கு தண்ணீர் கலந்தாரோ, யாருக்குத் தெரியும்? ஒரு கரண்டி சுண்ணாம்பு நீர் கூடியிருந்தால், பொழுது சாயும் வரை ஊதினாலும் பயனில்லை.

“அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது,” என்று தளபதி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

மறுபடி ஊதினான். எண்ணுவதை விட்டுவிட்டான். கிண்ணத்தின் பின்பக்கம் அதைத் தாங்கியிருந்த தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் அது தெரியவில்லை. பிறகு நிழல் போலத் தெரிந்தது. பிறகு விரல் என்று தெரிந்தது. கடைசியில் நகத்தில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.

குழலைக் கீழே வைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து, கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

“ஊதி முடித்துவிட்டேன், மகாராஜா.”

அரசர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். “தெளிவாக இருக்கிறதே. முதலில் ஏன் கலங்கியது?”

“உள்ளே இருந்த அழுக்கெல்லாம் போக நேரம் பிடித்தது, மகாராஜா. ஒன்பது வருஷமாக ரசவாதியாரின் வித்தையைப் பார்த்துக் கைதட்டிய அழுக்கு.”

சபையில் சிரிப்பு எழுந்தது. அரசருக்கு ஆசை பற்றிக்கொண்டது. “எனக்கும் ஒரு குழல் கொண்டா.”

அகோரநாதர் ஓடிப்போய்ச் செம்புக் கூஜாவை எடுத்தார்.

“அதெதற்கு?” என்றான் சாத்தன். “துரோகி என்று பெயரெடுக்க இருந்தவனையே தெளிய வைத்தது வெள்ளிக் கூஜா நீர். மகாராஜாவுக்கும் அதையே ஊற்றுங்கள். இரண்டும் சத்திய நீர்தானே?”

ரசவாதி செம்புக் கூஜாவை விடவில்லை. சாத்தனே எழுந்து வெள்ளிக் கூஜாவிலிருந்து ஊற்றினான். அரசர் ஆசையோடு ஊதினார். நீர் வெளுத்தது.

சாமரம் வீசியவள் கையை நிறுத்திவிட்டாள். ஓலையை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று ஓலைக்காரர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அரசர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு ரசவாதியைப் பார்த்தார். குழலை உதட்டோரம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார். “ரசவாதியாரே, நான் என் நாட்டுக்கே துரோகியா? மாலைக்குள் நான் எந்தப் பக்கம் போக வேண்டும்? வடக்கா, தெற்கா?”

அகோரநாதர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “பிரபு, அது சுண்ணாம்புத் தண்ணீர். யார் ஊதினாலும் வெளுக்கும். செம்புக் கூஜாவில் இருந்தது வெறும் கிணற்று நீர்.”

அரசர் முகத்தில் கோபம் வரப் பார்த்தது. ஆனால் குழல் இன்னும் வாயில் இருந்தது. அதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நல்லவேளை, நான் இன்னும் ஊதி முடிக்கவில்லை. சாத்தா, எவ்வளவு நேரம் பிடிக்கும்?”

“மகாராஜாவின் மூச்சுக்கு நூற்றைம்பது போதும்.”

அரசர் ஊதினார். சபை நின்றுகொண்டே காத்திருந்தது. நடுவில் இரண்டு முறை சிரித்துப் புரையேறி, மறுபடி தொடங்கினார். நீர் தெளிந்ததும்தான் ஓலைக்காரர் ஓலையை வெளியே எடுத்தார்.

“இவரை என்ன செய்யலாம்?” என்று அரசர் கீழே கிடந்தவரைக் காட்டினார்.

“என்னைவிட நன்றாகச் சுண்ணாம்பு தெளிய வைக்கிறார், மகாராஜா. வாரம் ஒரு குடம் பள்ளிக்குக் கொடுக்கட்டும். கடைசி வரிசைக்கு எப்போதும் போதமாட்டேன் என்கிறது.”

அரசர் அதற்கும் சிரித்தார். “இந்த வித்தையை நீ எங்கே கற்றாய்?” என்று கேட்டார். சாத்தன் நாச்சியைப் பற்றிச் சொன்னான். உடனே ஆள் போயிற்று. கையில் வைக்கோல் தூசியோடு நாச்சி வந்து நின்றாள்.

“உனக்கு என்ன வேண்டும், கேள்,” என்றார் அரசர்.

நாச்சி சாத்தனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

“எல்லாருதும் வெள்ளையாவே நின்னுச்சு. என்னோடது மட்டும் ஏன் தெளிஞ்சுச்சு?”

பொன்னோ பாவாடையோ கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்த அரசர் ரசவாதியைத் திரும்பிப் பார்த்தார். ரசவாதி சாத்தனைப் பார்த்தார்.

“தண்ணீர் கூட இருந்தால் தெளிகிறது. அதுவரைக்கும் தெரியும்,” என்றான் சாத்தன். “ஏனென்று எனக்குத் தெரியாது, மகாராஜா. இந்தப் பிள்ளைகள்தான் செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.”

“அப்படியானால் கண்டுபிடிக்கும் வரை கொட்டகையை யாரும் தொடக் கூடாது. ஓலை எழுது. சாத்தா, நீயே சொல்.”

சாத்தன் சொன்னான், ஓலைக்காரர் எழுதினார், எழுந்து நின்று உரக்க வாசித்தார். “கொட்டகைப் பிள்ளைகளிடம் விடை தெரியாத கேள்வி ஒன்றாவது மிச்சமிருக்கும் வரை அந்தப் பள்ளியை எவரும் மூடலாகாது. அங்கே படிக்கும் பிள்ளை எதுவும் புல் சுமக்கலாகாது.”

“நல்லது,” என்றார் அரசர்.

“மூச்சுக்குள்ள என்ன இருக்கு?” என்று நாச்சி கேட்டாள். “அது ஏன் தண்ணியில வெள்ளையாவுது? குதிரை ஊதுனாலும் ஆவுமா?”

வாசித்துவிட்ட ஓலையின் பொருள் அரசருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நாச்சியைப் பார்த்தார், விரல்விட்டு இருபது பிள்ளைகளை எண்ணினார், பாதியிலேயே கையை விட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். காகங்களை எண்ணிய மாதத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று சபையினர் பிறகு பேசிக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டுகளாக ரசவாதிக்குப் போன பட்டாடை அன்று சாத்தனுக்கு வந்தது. கூடவே கொட்டகைக்குப் புதுக் கூரையும் இருபது பளிங்குக் கிண்ணங்களும் வந்தன.

மாலையில் எல்லைப் பக்கம் போயிருக்க வேண்டிய சாத்தன் கொட்டகைக்குப் போனான். பட்டாடையை ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாள் வகுப்புக்காகக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். நன்றாக மூச்சு வந்தது.