மை கக்கிய பேனாவும் மைனாவான மகளும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், பேனாவுக்கும் வாய் இருந்த நாளில், நீலவரம் என்று ஒரு தேசம் இருந்தது கண்ணுகளா. அதன் கடைவீதியில் மலிவுப் பேனா ரிப்பேர் பார்க்கிற கடைகள் இரண்டு. ஒன்று குமுதவல்லியுடையது, பக்கத்துக் கடை தையல்நாயகியுடையது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓர்ப்படிகள்.

மூத்தவள் குமுதவல்லி நல்லவள்தான். ஆனால் தையல்நாயகியைக் கண்டால் மட்டும் வயிறு எரியும். சட்டைப்பையெல்லாம் நீலமாக வருகிறவர்கள் இவள் கடையைத் தாண்டித்தான் அவள் கடைக்குப் போவார்கள். அதுகூடப் போகட்டும், காக்காய்கூட அவள் வைத்த சோற்றைத்தான் முதலில் எடுத்தது.

குமுதவல்லியின் மகள் பொற்கொடி, ஏட்டுமாயன் என்கிற மந்திரவாதியிடம் எழுத்து வேலை பார்த்தாள். ஒருநாள் அவளுடைய பச்சைப் பேனா கழுத்து வழியாக மை கக்கி, அவன் மந்திர ஏட்டில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. மாயன் விரலைச் சொடுக்கினான். பொற்கொடி மைனாவாகிக் கூண்டுக்குள் போனாள்.

குமுதவல்லி ஓடிப்போய் அவன் காலில் விழுந்தாள்.

“இதே பேனா, இதே ஏடு. உன் மகள் பேரை நூற்றெட்டுத் தடவை எழுது,” என்றான் மாயன். “சொட்டு விழாவிட்டால் மகள். விழுந்தால் மைனா. மூன்று வெள்ளிக்கிழமை தருகிறேன். மூன்றாவதும் தவறினால் ஆயுசுக்கும் கூண்டுதான்.”

சேதி கேட்டு, கழுவின கையைத் துடைக்காமல் ஓடி வந்தாள் தையல்நாயகி.

“அக்கா, கழுத்துல திருகுற மரையில தேன்மெழுகு தடவுங்க. முக்கியமா, கழுத்து வரைக்கும் மை ஊத்துங்க. பாதிக் குழாய்னா கக்கிடும்.”

“நிறைய ஊத்தினா நிறையத்தானேம்மா ஒழுகும்?”

“இல்லக்கா, பாதியில விட்டா...”

“நீ இந்த வீட்டு வாசப்படி மிதிக்கறதுக்கு முந்தியே நான் பேனா கழட்டினவ.”

குமுதவல்லி மனசுக்குள், ‘இவளுக்குப் பெண் இல்லை. என் பெண்ணும் கூண்டிலேயே கிடக்கட்டும் என்றுதான் இப்படிச் சொல்கிறாள்,’ என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வெள்ளி. மரையில் நூல் சுற்றினாள், பாதிக் குழாய் மை ஊற்றினாள், பிள்ளையார் சுழி போட்டாள். நாற்பதாவது பேரில் சொட்டு விழுந்தது. பேனா வாய் திறந்தது:

“பாதி வயிறு எனக்கு, பத்தி எரியுற கை உனக்கு, கக்காம என்ன செய்வேன் தாயே?”

இரண்டாம் வெள்ளி. நூலுக்கு மேல் மெழுகும் தடவினாள். குறைய ஊற்றினால் குறைய ஒழுகும் என்று கால் குழாய்தான் ஊற்றினாள். எழுதும்போது மாயன் வீட்டு ஜன்னல் வழியே எதிர்க் கோயில் தெரிந்தது. ஈரப்புடவையோடு தையல்நாயகி சுற்றிக்கொண்டிருந்தாள். ‘சாமிகிட்டயும் முந்திக்கிட்டாளே.’ கை கொதித்தது. பன்னிரண்டாவது பேரிலேயே சொட்டு.

“பாதிகூட இல்லை எனக்கு, பத்தி எரியுற கை உனக்கு, கக்காம என்ன செய்வேன் தாயே?”

மூன்றாம் வெள்ளிக் காலையில் தேன்மெழுகு தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் தையல்நாயகி கடைக்குப் போனாள் குமுதவல்லி. அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். மேஜைமேல் அதே ஜாதிப் பச்சைப் பேனா ஒன்று, குழாய் நிறைய மையோடு. பக்கத்தில் ஒரு நோட்டு. திறந்தாள். பொற்கொடி, பொற்கொடி, பொற்கொடி. பக்கம் பக்கமாகப் பொற்கொடி. எங்கேயும் ஒரு சொட்டு இல்லை.

‘கையெழுத்தும் என்னைவிட அழகு,’ என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் கண் நிறைந்தது.

“வந்துட்டீங்களா அக்கா?” வாசலில் தையல்நாயகி, விபூதித் தட்டோடு.

“ஏன்டி, பாதியில விட்டா ஏன் கக்குது? சொல்லு, இப்ப கேக்கறேன்.”

“பாதிக் குழாயில மிச்சம் காத்துதானேக்கா. கைச்சூடு பட்டா காத்து உப்பும், மையை வெளியே தள்ளும். நிறைச்சுட்டா உப்பறதுக்கு அங்க காத்தே கிடையாதே.”

குமுதவல்லி கையிலிருந்த பொற்கொடியின் பேனாவை வாங்கி, தையல்நாயகியே மெழுகு தடவி, கழுத்து வரை மை நிறைத்து, நெற்றியில் விபூதியும் பூசி அனுப்பினாள்.

குமுதவல்லி எழுதினாள். பன்னிரண்டு தாண்டியது. நாற்பது தாண்டியது. நூற்றெட்டாவது பேரின் கடைசி எழுத்தை முடித்து மூச்சு விட்டாள். ஏட்டில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

கூண்டு பிளந்தது. “அம்மா, பசிக்குது,” என்று எழுந்தாள் பொற்கொடி.

மாயனுக்குப் பொறுக்கவில்லை. ‘என் மந்திரத்தை ஒரு ரிப்பேர்க்காரி ஜெயிப்பதா?’ புது சாபம் எழுதப் பேனாவைப் பிடுங்கினான். நூற்றெட்டுத் தடவை பேர் எழுதின பேனா, இப்போது பாதி வயிறு. அவன் கையோ நெருப்பு. பேனா குபுக்கென்று மொத்தத்தையும் ஏட்டின்மேல் கக்கியது. மந்திரமெல்லாம் மையில் மூழ்க, அவன் கூண்டுகளில் இருந்த கிளியும் முயலும் மானும் மனிதராகி வீடு போய்ச் சேர்ந்தன.

அன்றைக்கே இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த தட்டியைப் பிரித்துவிட்டார்கள் ஓர்ப்படிகள்.

மறுநாள் இருவரும் சோறு வைத்தார்கள். காக்காய் வந்தது. நேராகத் தையல்நாயகி வைத்ததைத்தான் கொத்தியது. குமுதவல்லிக்கு வயிற்றில் லேசாகச் சுட்டது. உள்ளே போய், பச்சைப் பேனாவைக் காற்றுக்கு இடமில்லாமல் கழுத்து வரை நிறைத்து வைத்துவிட்டு வந்தாள்.

அவர்கள் வீட்டு விளக்கு அங்கே எரியட்டும், நம் வீட்டு விளக்கு இங்கே எரியட்டும்.